பாதிக் கட்டணம்

பேட்டை தாண்டிவிட்டால் பஸ்ஸில் நாங்கள் மட்டும்தான்.
அபிசேகப்பட்டியில் இறங்கி
உடைமரங்களுக்கு நடுவே நடந்தால்
வெயில் எங்களுக்கு முந்திப் போய்
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

விருப்பப் பாடம். நாலு கிரெடிட்.
இனப்படுகொலைகளின் வரலாறு.
பதினோரு பேர் எடுத்தோம்.
காலை வகுப்பு கிடையாது என்பதற்காக எடுத்தவர்கள் ஆறு பேர்.
அந்த ஆறில் நானும் ஒருத்தி.

முதல் மாதம் பிணங்களே இல்லை.
காகிதங்கள்தான்.
தெருப் பெயர், வீட்டு எண்,
தையல் மிஷின் ஒன்று, கரண்டி பன்னிரண்டு,
மஞ்சள் நட்சத்திரத்தை
உடுப்பில் எந்த இடத்தில் தைக்க வேண்டும் என்று
ஓர் உத்தரவு.

இசக்கிதுரை சட்டைக் கையை
மணிக்கட்டு மறைய இழுத்துவிட்டுக்கொண்டான்.
அவன் கயிற்றின் நிறம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
எட்டாம் வகுப்பிலிருந்தே
நிறம் பார்த்துத்தானே இடம் பிடித்தோம்.
"அது வேற, இது வேற" என்றான்,
யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.
வேறதான்.
ஆனாலும் அன்று மதியம்
டப்பா திறக்கிற கைகளையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிரோஜா முகாமிலிருந்து வருகிறவள்.
தணிக்கை நாளில் வகுப்புக்கு வரமாட்டாள்.
ஆள் நேரில் நின்றால்தான் பணக்கொடை.
'ஒவ்வொரு விடியலிலும் அவர்களை நிற்கவைத்து எண்ணினார்கள்'
என்ற வரிக்கு எல்லாரும் அடிக்கோடு போட்டோம்.
அவள் பேனா மூடியை மூடினாள்.
கருத்தரங்குக்குத் தலைப்பு பிரித்தபோது
"எனக்கு இன்னும் தூரத்தில நடந்ததைத் தாங்கோ" என்றாள்.

ஒன்பதாம் வாரம், ரயில்கள்.
ஆளுக்கு, கிலோமீட்டருக்கு, மூன்றாம் வகுப்புக் கட்டணம்.
நானூறு பேருக்கு மேல் போனால் சலுகை.
பத்து வயதுக்குக் கீழே பாதி.
நாலு வயதுக்குக் கீழே இலவசம்.

தென்காசி, அம்பாசமுத்திரம், இப்போது தாழையூத்து:
எங்கே மாற்றினாலும்
அப்பாவுக்கு அதே டிக்கெட் ஜன்னல்.
ராத்திரி சாப்பிடும்போது விவரம் சொன்னேன்.
யாருடைய ரயில் என்று சொல்லவில்லை.
"நானூறுக்கு மேல சலுகையா, நல்ல ரேட்டுதாம்" என்றார்.
"நமக்கு அஞ்சு வயசுலேருந்துதான் பாதி."

பிறகு சொன்னேன்.

ரசத்துக்குக் குழித்த சோறு அப்படியே இருந்தது.
எழுந்து கை கழுவப் போனார்.
ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்,
எங்கள் வீட்டில் யாரும் குழாயை
அவ்வளவு நேரம் திறந்துவைப்பதில்லை.

மறுநாள் ஸ்கூட்டரை உதைக்காமல் நின்று கேட்டார்:
"ஏட்டி, ரிட்டன் டிக்கெட் போட்டாவளா?"
"காவலுக்குப் போனவங்களுக்கு மட்டும்ப்பா."
ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே
தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பரீட்சையில் பதினாறு மார்க் கேள்வி:
எழுத்தர்களின் பங்கினை விளக்குக.
ஏழு பக்கம் எழுதினேன்.
அப்பா அதில் இல்லை.
முன் பெஞ்சில் இசக்கிதுரை கை உதறினான்.
கயிறு கொஞ்சம் வெளுத்திருந்தது,
அவிழ்க்கவில்லை.

போன வாரம் பொன்னுலிங்கம் மாமா வந்திருந்தார்,
அப்பாவோடு வேலை பார்க்கிறவர்.
அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்:
"அரை டிக்கெட்டுன்னு யாராவது கேட்டா போதும்,
எந்திரிச்சு, கம்பி வழியா எட்டி,
பிள்ளை எங்கன்னு பாக்காரு மதினி.
பாத்தப்பறந்தான் அடிக்காரு.
வரிசை நகரவே மாட்டேங்கு."