நுஸ்ரெத்தின் தொண்டை

நூற்று நாற்பது படங்களில் செத்தவன்
உண்மையாகச் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
பல் வைத்தியரின் வரவேற்பறையில்,
பழைய வார இதழொன்றைப் புரட்டியபடி.
தலை சாய்ந்த கோணம் சரியில்லை என்று
மறு டேக் கேட்க யாருமில்லை.
சட்டைப்பையில்
உஸ்குதாருக்குத் திரும்புவதற்கான படகுச் சீட்டு.

நுஸ்ரெத் கலாஃபத் என்ற பெயர்
இஸ்தான்புல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது.
படத்தைக் காட்டினால் மீன்காரன்கூடச் சொல்வான்:
"கண்ணில்லாத பெண்ணை நடுத்தெருவில் விட்டானே, அந்த மாமன்!"
தபால்காரன், கமிஷனர்,
மூன்று சுல்தான்களுக்கு அமைச்சன்,
வட்டிக்காரன், தையல்காரன், மறுபடி வட்டிக்காரன்.
ஒருமுறை, ஆள் வராததால்,
பிரேதமும் அதைப் பரிசோதிக்கும் மருத்துவரும்
அவனே.
மருத்துவருக்கு மட்டும் மூக்குக்கண்ணாடி.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது.
கேமராவுக்குக் கீழே குந்தியிருப்பவன் வசனத்தைக் கத்துவான்,
இவர்கள் வாயசைப்பார்கள்.
பிற்பாடு பெயோலுவின் நிலவறையொன்றில்,
முட்டைத்தட்டு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே,
நான் பேசுவேன்.
பத்தொன்பது வருஷம்
அவன் வாய்க்குள் குடியிருந்தேன்.
வாடகையை அவர்கள் எனக்குக் கொடுத்தார்கள்,
அதுவும் பாக்கி வைத்து.

அவன் சொந்தக் குரல்
கிரேசுன் மலைச்சரிவிலிருந்து வந்தது.
மெலிசு. கொட்டை உடைக்கிற மாதிரி
ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு நொறுக்.
அந்தக் குரலில் அவன் கொலை மிரட்டல் விட்டிருந்தால்
கொலையாகப் போகிறவள்
தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

என் மனைவியின் முகத்தைவிட
அவன் முகத்தை அதிகம் பார்த்தவன் நான்.
ஒரே துண்டை நாற்பது முறை, முன்னும் பின்னும்.
அறைவதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பான்.
பொய் சொல்கையில் கீழுதடு அரைக்கணம் முந்தும்.
அழுகிற காட்சிகளில் மட்டும்
கத்துபவனின் வசனத்தை விட்டுவிட்டு
வேறு ஏதோ முணுமுணுப்பான்.
என்ன சொன்னான் என்று கடைசிவரை பிடிபடவில்லை.
அதன்மேல் நான் எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்.

நேரில் சந்தித்தது ஒன்பதாவது வருஷம், படகில்.
எதிர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து,
எள் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து,
அந்த மெலிந்த குரலில் கேட்டான்:
"போன படத்தில் நான் எப்படிப் பேசினேன்?"
நன்றாகப் பேசினாய் என்றேன்.
"நீதிமன்றக் காட்சியில் கொஞ்சம் அவசரப்பட்டேனோ?"
ஆமாம், என்றேன். அன்று எனக்குக் காய்ச்சல்.

பிறகு தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன,
சட்டைப் பொத்தானுக்குள் மைக் வந்தது.
முதல் நாள் அவன் வாய் திறந்ததும்
விளக்குப் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.
இளைய இயக்குநர் பணிவாகச் சொன்னார்:
"ஐயா, உங்கள் குரலிலேயே பேசுங்கள்."
"இதுதான் தம்பி."

அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை நுஸ்ரெத்.
பேசாதவர்களைத் தேடிப் பிடித்தான்:
வாதம் வந்த பாஷா, ஊமை வாயிற்காவலன்,
மௌன விரதத்தில் ஒரு தர்வீஷ்.
பதினொரு வருஷம் ஒரு சொல் இல்லாமல்.
அதற்குத்தான் விருது கொடுத்தார்கள்.
மேடையில் ஒரு நிமிஷம் நின்றான்,
நெஞ்சில் கை வைத்துக் குனிந்து இறங்கினான்.
எத்தனை அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

பள்ளிவாசல் முற்றத்தில், கல்மேல் பெட்டி.
வழக்கப்படி இமாம் கேட்டார்:
"இவரை எப்படிப்பட்டவராக அறிந்திருந்தீர்கள்?"
அவனைப் பார்த்துச் சிறுவயதில் போர்வைக்குள் ஒளிந்த கூட்டம்
ஒரே மூச்சில் சொன்னது:
"நல்லவராக அறிந்திருந்தோம்."

நான் சற்றுத் தாமதித்தேன்.
தொழில் பழக்கம்,
உதடு அசையட்டும் என்று காத்திருந்தேன்.
எல்லோரும் முடித்த பிறகு
தனியாக விழுந்தது என் குரல்:
"நல்லவனாக."

தலைகள் சட்டென்று திரும்பின,
என் பக்கம் அல்ல,
பெட்டியின் பக்கம்.