மணிக்கு எவ்வளவு

கிரிம்ஸ்பியில் எங்கள் ஆலை மூடிய வெள்ளிக்கிழமை
ஆளுக்கொரு உறை, ஒரு கைகுலுக்கல்,
மிச்சமிருந்த சரக்கில் இரண்டு பெட்டி.
இருபத்து மூன்று வருஷம்
கன்வேயர் ஓரமாய் நின்று
ரொட்டித்தூள் உதிர்ந்த ஃபிஷ் ஃபிங்கர்களைப்
பொறுக்கி எறிந்தவள் நான்.
அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.
தூக்கத்திலும் போர்வைமேல் எதையோ பொறுக்குகிறாய்
என்றான் டெரன்ஸ்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
என் வயதில் பாதிகூட ஆகாத பெண்
"உங்கள் திறமைகள்?" என்றாள்.
கெட்டதைக் கண்டுபிடிப்பேன் என்றேன்.
அப்படியொரு கட்டம் அவள் திரையில் இல்லை.

பதினான்கு மாதம்.
அனுப்பிய விண்ணப்பம் தொண்ணூற்றொன்று.
வந்த பதில் ஆறு.
அதில் ஒன்று வேறொருத்திக்கு எழுதியது;
அவளுக்கும் வேலை இல்லையாம்.

பிறகு ஒரு மழைநாளில்
மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில்
அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே ஜோயல்.
தொண்டு நிறுவனம் எனக்கென ஒதுக்கிய வழிகாட்டி.
சம்பளமில்லை, பேருந்துக் காசு மட்டும்.
முப்பது வயது. காபிக்கடை வைத்துப்
பதினோரே மாதத்தில் கவிழ்ந்தவன்.
தேநீர் ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிட்டான்,
அம்மைத் தழும்பைக் காட்டுவதுபோல.
"எந்த இடத்தில் கவிழ்ந்தேன் என்று தெரியும்.
என்னிடம் இருக்கும் சரக்கு அவ்வளவுதான்."

அடுப்பு துடைக்கப் போகிறேன் என்றேன்.
ஊரார் அடுப்புகள்.
கதவின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில்,
யாரும் கைவைக்காத இடம்வரை.
சிரிப்பான் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டான்.
"விலை?"
பதினெட்டு பவுண்டு.
"ஏன் பதினெட்டு?"
இருபது என்று சொல்ல வாய் வரவில்லை.

தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தான்.
நானே கழித்தேன்:
பெட்ரோல், காரக் கரைசல், கையுறை, காப்பீடு.
இரண்டே முக்கால் மணிநேர முட்டிவலியை
எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.
கோட்டுக்குக் கீழே நின்றது
மூன்று பவுண்டு பத்து பென்ஸ்.
ஆலை இதைவிட அதிகம் கொடுத்தது,
மீனும் கொடுத்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கூடத்து ஹீட்டர் மட்டும் டக் டக்கென்றது.
எனக்குக் கண் கலங்கியது, கணக்குக்காக அல்ல.
என் ஒரு மணிநேரத்தின் விலையை
என்னிடமே ஒருவர் கேட்பது
அதுதான் முதல் தடவை.
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
எழுத்து கோணிப்போயிற்று.

முதல் வீடு கிளீத்தார்ப்ஸில், கடல் தெரியும் தெரு.
திருமதி ஃபெனிக் கதவைத் திறந்ததுமே
"வெட்கமாயிருக்கிறது, உள்ளே பார்க்காதீர்கள்" என்றார்.
பார்ப்பதுதான் பிழைப்பு என்றேன்.
தட்டுகளை உருவினேன். பின்பலகையைக் கழற்றினேன்.
விசிறிக்கு அந்தப் பக்கம்
கருகி, கல்லாகி,
ஒரு ஃபிஷ் ஃபிங்கர்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
நீளம் சரி. ஓரம் சரி.
எங்கள் ஆலையினதாக இருக்கலாம்.
நானே பார்த்து, போகட்டும் என்று
விட்டதாகவும் இருக்கலாம்.
எத்தனை வருஷமாய் இங்கே கிடக்கிறாய் என்றேன்.
சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல.
"தேநீரா வேண்டும்?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

காசை வாங்கும்போது,
பரவாயில்லை நாற்பது போதும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன். காரக் கரைசலின் ருசி.

இன்று ஜோயலிடம் காட்ட ஏழு ரசீது,
ஒரு புகார்.
ஒரு வீட்டில் கைப்பிடியை உடைத்துவிட்டேன்.
"அதற்கும் ஒரு வரி போடுங்கள்" என்கிறான்.
அவன் ஷூவின் அடி பிளந்திருக்கிறது.
துறைமுகப் பக்கம் ஒரு கடைக்காரர்
கணக்கு எழுத ஆள் கேட்டாராம், போய்ப் பார்த்தானாம்.
"மணிக்கு எவ்வளவு கேட்டாய்?"
கோப்பையைச் சுற்றுகிறான், சுற்றுகிறான்.
தாளைத் திருப்பி அவன் பக்கம் வைக்கிறேன்.
சீக்கிரம் எழுது தம்பி,
வேனை நான்கு மணிவரைதான் நிறுத்தலாம்.