ஆறு விரல் வியாபாரிகள்

அறுநூற்றுப் பதினொரு பக்கம்.
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
பழைய புத்தகக் கடையில்
அறுபது ரூபாய்க்கு வாங்கினேன்.
மண்டபம் நண்டுக் கம்பெனியில் கிளம்பி
ஒன்பது கை மாறி
நேற்றுத் திரும்பி வந்தது,
அட்டையில் நண்டு வாடையோடு.

கதை இதுதான்:
வேற்றுக் கோளிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள்.
ஆளுக்கு நாலு கை, கைக்கு ஆறு விரல்.
விண்மீன் விண்மீனாக இறங்கி ஏறுகிறார்கள்.
துப்பாக்கி கிடையாது, துணி உண்டு.
துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள்.

"சண்டையே இல்லக்கா,
எரநூறாம் பக்கம் வரைக்கும் பேரம், பேரம்."
பாதியில் மடித்துவிட்டான்
ஐஸ் உடைக்கிற ரெக்ஸன்.
அவனுக்கு ஒரு கப்பலாவது வெடிக்க வேண்டும்.

கீழக்கரையில் சங்கு வாங்கி விற்கும்
சீனி நெய்னா மரைக்காயர்
துணிக்கடிப் பேரத்துக்கு மார்க் போட்டார்.
"ஆனா ஆறு விரல்காரன்
அரையை எப்படிச் சொல்லுவான்?
எழுதினவரு சந்தையில நின்னதில்ல."
நூற்று நாற்பதாம் பக்க ஓரத்தில்
பென்சில் கணக்கு ஒன்று கிடக்கிறது:
அவர்கள் காசை நம் காசுக்கு மாற்றி,
பெருக்கி, கழித்து,
வியாபாரிகளுக்கு மூன்று ரூபாய் நஷ்டம்.

சந்தியாகு எட்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.
"மூணு நிலா இருக்கிற ஊர்ல
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்?
அதச் சொல்லாம கப்பல எப்பிடி இறக்குனான்?"

காளீஸ்வரிக்கு வேறு குறை.
"அம்புட்டுச் சரக்கு ஏத்துறாங்க, இறக்குறாங்க,
ஒரு எடத்துல நாத்தம் உண்டா?
வானத்துல ஈ இல்லையாக்கும்."

மரைன் போலீஸ் ஏட்டு பாண்டிவேல்
எல்லைக்கோடு வருகிற அத்தியாயத்தை
இரண்டு தடவை படித்தாராம்.
நட்சத்திரத்துக்கு நடுவில்
எவன் கோடு கிழித்தது என்று
கேட்டுவிட்டுத் தானே சிரித்தாராம்.

இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை.
மகன் போன படகு
பதினாலு மாதமாய் அந்தப் பக்கம் கட்டிக் கிடக்கிறது.
அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு தீக்குச்சியை மட்டும்
பக்கத்துக்கு நடுவே வைத்திருக்கிறாள்.
நான் எடுக்கவில்லை.

சண்டை வந்தது கடைசிப் பக்கங்களுக்குத்தான்.
வியாபாரிகள் கிளம்புகிறார்கள்.
தங்கள் தராசைக் கரையிலேயே விட்டுப் போகிறார்கள்.
ஏன் என்று எழுதினவர் சொல்லவில்லை.

மறதி என்றாள் செல்சி.
அன்பளிப்பு என்றாள் நூர் ஃபஸீனா,
கண் கலங்கிப் போய், சத்தியமாக.
ஓடு உரித்த கைகளெல்லாம்
ஒரு நிமிஷம் நின்றன.
"பேச்சுக்குக் கிலோ ஏறாது" என்றார் மேஸ்திரி.

நான் எடை போடுகிறவள்.
பதினோரு வருஷமாய்
ஈரத்துக்குக் கழித்து, ஐஸுக்குக் கழித்து,
மிச்சத்தைச் சீட்டில் எழுதுகிறவள்.
பையை மறந்து போவார்கள்,
செருப்பை, சில நேரம் பிள்ளையை.
தராசை யாரும் மறந்ததில்லை.
போன மாதம் கம்பெனிதான்
இருபத்திரண்டு வள்ளக்காரர்களுக்கு
எலக்ட்ரானிக் தராசு கொடுத்தது, இலவசமாக.
மாலை போட்டு போட்டோ பிடித்தார்கள்.
அன்றிலிருந்து வேறு யாருக்கும்
ஒரு நண்டு போகவில்லை.

இதைச் சொன்னதும்
ஃபஸீனா கொஞ்ச நேரம் ஓட்டையே உரித்தாள்.
பிறகு சொன்னாள்:
"தெரியும்க்கா.
கதையிலயாவது அன்பளிப்பா இருக்கட்டும்."

எனக்கு அந்தப் புத்தகம் பிடித்ததா?
நடுவில் எண்பது பக்கம் தூக்கம் வந்தது.
ஆனால் இரவு ஷிப்டு முடிந்து
பாலத்துப் பக்கம் ஒரு விளக்கு
மெல்ல நகர்வதைப் பார்த்தால்
என்ன ஏற்றிப் போகிறதோ,
யார் விலை சொன்னதோ என்று
நின்று விடுகிறேன்.

இரண்டாம் பாகம் இருக்கிறதாம்.
கடைக்காரர் நூற்றிருபது கேட்கிறார்.
ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.
துண்டு ஒன்று
துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.