ஏடு

பிர்னோவிலிருந்து எந்தத் திசையில் டிராம் ஓட்டினாலும்
கடல் வராது.
அதனால் வாளியில் கலக்குகிறேன்:
சுத்திகரித்த நீர் பத்து லிட்டர்,
உப்பு முந்நூற்று எழுபது கிராம்,
ஒரு மரக்கரண்டி.
கரண்டி இனி சூப்புக்கு ஆகாது.

பணிமனை ஓய்வறையில்
காபி எந்திரத்துக்கும்
பயணிகள் மறந்துபோன குடைகளின் அலமாரிக்கும் நடுவே
முப்பது லிட்டர் கடல்.
ஒரு கோமாளி மீன், ஓர் இறால்,
தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு நத்தைகள்.

ஜனவரியில் வந்தது அது.
முதலில் ஆறிய பாலின் ஏடுபோல்
நீர்மேல் ஒரு மினுக்கம்.
பிறகு பழுப்பு.
பிறகு, துணிந்துவிட்ட பச்சை.
விளக்கின் ஒளி பாதியில் நின்றது.
அண்ணாந்து பார்த்தால் மீனுக்கு எப்போதும் மூடிய வானம்.
ஊருக்கும் அந்த மாதம் அதே வானம்தான்,
ஆகவே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சமையலறைத் தாளை நீர்மேல் படுக்கவைத்தேன்.
ஊறும்வரை பொறுத்து
ஓரத்தைப் பிடித்து உரித்தால்
ஏடும் கூடவே வரும்.
நான்கு தாள் பச்சை.
ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது.
அதை உலர்த்தி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்,
யாரிடமும் காட்டவில்லை.

வியாழன் காலை மறுபடி பச்சை.

பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பினேன்.
நீர் சுழித்தது.
பாசி மூலையில் ஒடுங்கி நின்றது,
பரிசோதகரைக் கண்ட
டிக்கெட் எடுக்காத ஆள்போல.
பத்து மணி நேர விளக்கை ஆறாக்கினேன்.
பாஸ்பேட் பார்க்கும் குழாயில்
வெளிர்நீலம் போதும் என்றிருந்தேன்,
மசிநீலம் காட்டியது.
நான் போடுவதோ நாளுக்கு ஐந்து உருண்டை.
நிறுத்தங்களை எண்ணுவதுபோல் எண்ணித்தான் போடுகிறேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
மேல்கம்பியில் பனி இறுகி வண்டிகள் கிளம்பவில்லை.
ஓய்வறை இருட்டில் கால் நீட்டிக் கிடந்தேன்.
மூன்றரைக்கு மின்பணியாளர் ஹினெக் வந்தார்.
எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்து
டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை.
"உன்னை இங்கே யாரும் கவனிக்கறதே இல்ல" என்றார் மீனிடம்.

நாலே காலுக்கு ட்ரஹோமீரா.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
இன்னொரு சிட்டிகை,
ஏறக்குறைய அதே சொற்கள்.

ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் ஷெபெஸ்தா.
இந்த ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது என்ற அதே வாயைக்
கண்ணாடியில் குவித்து
ரொட்டித் துணுக்கு.
ரொட்டி!

மூன்று முறையும் மீன்
மூன்று நாள் பட்டினிபோல் பாய்ந்து வந்தது.
நத்தைகள் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல்
கண்ணாடியில் ஊர்ந்தன.
இறால் மட்டும் பாறைக்கடியிலிருந்து
என்னைப் பார்த்ததாக ஞாபகம்.

யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை.
பேசியிருந்தால், இருட்டில் நான் கிடந்ததையும்
சொல்ல வேண்டியிருக்கும்.
தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்.
தேதி, எத்தனை உருண்டை, கையெழுத்து.
ஒரு நாளுக்கு ஒரே கட்டம்.
ரொட்டி கூடாது என்று அடியில், சிவப்பில்.

முதல் வாரம் சண்டை.
ஹினெக் செவ்வாயை யாருக்கும் தரமாட்டேன் என்றார்.
ட்ரஹோமீராவுக்கு இரண்டு நாள் வேண்டும், கிடைத்தது.
ஷெபெஸ்தா ஞாயிற்றைக் கேட்டார்.
ஞாயிறு அவருக்கு விடுமுறை.
மேலங்கியில் பனியோடு வந்து
ஐந்து உருண்டை போட்டுவிட்டுப் போகிறார்.
எனக்கு மிஞ்சியது வெள்ளி.

ஏப்ரலில் நீர்மேல் விளக்கு முழுதாக விழுந்து
கீழே மணலில் அசைந்தது.
மூலையில் விரலகலம் பச்சை இன்னும் உண்டு.
அதைத் துடைக்கவில்லை.
நத்தைகளுக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

சுவர்த்தாளின் ஓரத்தில் உப்பு பூத்திருக்கிறது.
நேற்று, யாரும் கேட்டு வாங்காத புதன் கட்டத்தில்
ஒரு புதுக் கையெழுத்து.
பெயர் புரியவில்லை.
பக்கத்தில்
எண்ணியதற்குச் சாட்சியாக
பேனாவால் அழுத்தி வைத்த
ஐந்து புள்ளிகள்.