பன்னிரண்டாம் நாள்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால்
எட்டுக் கதவு லைன் வீட்டில்
ஆறாவது எங்களுடையது.
ஏப்ரல் வாடகை அட்வான்ஸில் கழிந்தது,
மே வாடகையும்.
ஜூனில் கழிக்க அட்வான்ஸே இல்லை.

"வாடகை கேக்கக் கூடாதுன்னு
கவர்மெண்ட்டே சொல்லியிருக்கு" என்றேன்.
"அது ஒரு மாசத்துக்கும்மா.
என் பேங்க்காரன்கிட்ட சொல்லிப் பாரு"
என்றார் நரசிம்மப்பா.
பொய்யில்லை. மாடிக்கு விட்ட கம்பிகள்
துருப்பிடித்து நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்.
வெள்ளிக்கிழமை இவருக்குக் காய்ச்சல்.

சனிக்கிழமை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள்.
மாலையில் மாநகராட்சி ஆள்
கதவில் ஒரு தாளை ஒட்டி
பேனாவால் தேதி போட்டான்:
பதினான்கு நாள்
இந்த வீட்டிலிருந்து யாரும் வெளியேறக் கூடாது.

மல்லம்மா குழாயடியைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள்.
ஞாயிறு வந்த நரசிம்மப்பா
தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி
கண்ணைச் சுருக்கித் தாளைப் படித்தார்.
மறுபடி படித்தார்.
திரும்பிப் போனார்.

சிரிக்கக் கூடாதுதான்.
ரசக் கரண்டியோடு நின்று
சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் இவருக்குக் காய்ச்சல் விட்டது.
அன்றிரவு எழுந்து
பெயர்ந்திருந்த தாளின் ஓரங்களைச்
சோற்றுப் பருக்கை தேய்த்து அழுத்தினேன்.
மழை வந்தால் என்று
மேலே ஒரு பால் கவர்.

இன்று பன்னிரண்டு.
மகள் தும்முகிறாள்.
"தூசிம்மா" என்கிறாள்.
தூசிதான்.
நெற்றியில் கை வைக்கிறேன்,
சில்லென்றிருக்கிறது.

என்ன வேண்டிக்கொண்டு கை வைத்தேன் என்று
யாரும் கேட்டுவிடக் கூடாது.