பதினோராம் கட்டம்

பாட்ஸ்ஃபியோர்டில் ஜனவரிக் கடைசி.
பகல் என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று
பத்து மணிக்கு மேல் வந்து
இரண்டுக்குள் கடையைக் கட்டிவிடுகிறது.
என் மேஜையில் விபத்துப் படிவம்.
நான்கு பக்கம். மையால் மட்டுமே நிரப்பவும்.

படகின் பெயர். அது சுலபம்.
காயமுற்றவர்: விட்மாண்டஸ், ஊர் கிளைபேடா,
வயது நாற்பத்தொன்று.
உறுப்பு: வலது கை.
பக்கத்தில் விரித்த கையின் படம் ஒன்று,
இழந்த பகுதியை நிழலிட வேண்டுமாம்.
மூன்று விரல்களை நிழலிட்டேன்.
கட்டைவிரலில் பேனா நின்றது.
மருத்துவமனை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு: கடைசியாக எப்போது தூங்கினார்?
அண்ணனைக் கேட்டேன்.
ஓட்பியோர்ன் ஜன்னலைப் பார்த்தபடி
"மீன் ஏறிக்கொண்டே இருந்தது" என்றான்.
நான் மீனைக் கேட்கவில்லை.
"முப்பது மணி நேரம் ஆகியிருக்கும்.
எல்லோருக்கும்தான். எனக்கும்."

ஏழு: காற்றின் வேகம்.
எட்டு: தளத்தில் பனிக்கட்டி இருந்ததா?
இதைக் கேட்டவர் எந்த ஊர்க்காரரோ.

ஒன்பது: அவசர நிறுத்தப் பொத்தான்
கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா?
இருந்தது.
சிவப்பாக, உள்ளங்கை அகலத்தில்,
வின்ச்சுக்கு ஒட்டினாற்போல்.
வேலை செய்ததா என்று படிவம் கேட்கவில்லை.

அக்டோபரில் எலெக்ட்ரீஷியன் தூர்மூட் பார்த்துவிட்டு
உப்பு உள்ளே இறங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று
விலை எழுதிக் கொடுத்துப் போனார்.
அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது.
மேல் மூலையில், பென்சிலில், என் கையெழுத்தில்:
ஈஸ்டர் வரை தாங்கும்.

அந்த மாதம் டீசல். கயிறு. வங்கித் தவணை.
நான் பொத்தானைப் பார்த்தவள் அல்ல,
பொத்தானின் விலையைப் பார்த்தவள்.
எழுதியபோது என் காலடியில்
ஹீட்டர் இதமாக ஓடிக்கொண்டிருந்தது.

விட்மாண்டஸ் அதை அடித்தானாம்,
இடது கையால், நான்கு முறை, ஐந்து முறை.
சுக்கான் அறையில் இருந்த அண்ணனுக்கு
யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டதாம்.
யாராவது திறப்பார்கள் என்று இருந்துவிட்டானாம்.

பதினொன்று: வேறு தகவல்கள். மூன்று வரிகளுக்குள்.

முதல் வரியில் தேதி, அக்டோபர்த் தேதி.
இரண்டாவதில் அந்தப் பென்சில் வாக்கியம்,
இம்முறை மையில்.
மூன்றாவதில் என் பெயர், ஹில்ட்போர்க்,
கப்பல் கணக்கு பார்ப்பவள்.

அண்ணன் படித்தான்.
காப்பீட்டுக்காரர்கள் என்று தொடங்கி
அத்தோடு நிறுத்திக்கொண்டான்.
படகுத் தலைவர் கையொப்பமிட வேண்டிய இடம்
இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

கீழே, துறையில், நாளைய பயணத்துக்காக
எவனோ கைப்பிடிக் கம்பியின் பனியை
மரச்சுத்தியலால் உடைத்துக்கொண்டிருக்கிறான்.
நான்கு முறை. ஐந்து முறை.
கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன்,
யாரென்று பார்க்க.