ஏழாவது தாள்

முதல் தாளையும் கடைசித் தாளையும்
பெரிய கைகள் வரைந்துவிடும்.
முதலில் ஃபுகியின் கை குடைக்காம்பில்.
கடைசியில் ஷுன்பெய்யின் சட்டைக்கை மடிப்பில்.
நடுவே பதினாறு தாள்கள்
என் பாடு.

ஒன்பது வருஷமாக இப்படித்தான்.
யாரோ கிளம்புவார்கள், யாரோ சேர்வார்கள்,
வழி மட்டும் என் பென்சிலில்.
முதல் பருவத்தில் ஃபுகிக்குப் பதினைந்து வயது.
மூன்றாம் பருவம் முடிந்தபோதும்
பதினேழைத் தாண்டவில்லை அவள்.
எனக்கு இரண்டாம் பருவத்தில் கல்யாணம் ஆயிற்று,
மூன்றாம் பருவத்தில் அது முடிந்தது.
அந்த வாரம் நான் வரைந்தது
அவள் ஐஸ் குச்சியைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் காட்சி.
சிரிப்பில் குறையொன்றும் இல்லையென்று
தொகுஹாரா முத்திரை குத்தினார்.

இப்போது சினிமா. இதோடு கதை தீர்ந்தது.
நெரிமாவில் மூன்றாம் மாடி,
ஏசி சொட்டும் இடத்தில் காலி நூடுல்ஸ் கிண்ணம்.
இடது கை விரலிடுக்குகளில் தாள்களைச் செருகிப்
புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.
நகர்கிறது கை.
நகர்கிறது, அவ்வளவுதான்.

ஏழாவது தாள் திரும்பி வந்தது,
மஞ்சள் சீட்டில் இயக்குநர் உஷியாமாவின் கிறுக்கலோடு:
'இங்கேயே முடிவு செய்துவிட்டாள். அவசரம்.'
சுண்டுவிரலைச் சற்று மடக்கி அனுப்பினேன்.
மறுபடியும் வந்தது:
'இப்போது பயப்படுகிறாள். பயம் அல்ல.'
பயமில்லை என்றால் பின்னே என்ன,
அதை எழுதவில்லை மனிதர்.

இரவு ஒன்றரை. கடைசி ரயில் போய்விட்டது.
என் கையையே விளக்குப் பலகைமேல் வைத்துப் பார்த்தேன்,
யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது.
வீட்டில் குளியல்தொட்டி நீரின் சூடு பார்க்க
இந்தக் கை நீளுமே,
நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே
ஆவி படும் இடத்தில்
சும்மா நிற்குமே,
அதை வரைந்தேன்.
மூன்றாம் சீட்டில் ஒரு வட்டம் மட்டும்.
வட்டம் என்றால் சரி.
அடுத்த வாரம் முதல் எனக்கு
சமையல்காரப் பூனை ஒன்றின் வால்.

தாச்சிகாவாவில், செவ்வாய்க்கிழமை, மதியக் காட்சி.
காசு கொடுத்துத்தான் போனேன்.
எனக்கு முன் வரிசையில் ஒரு டாக்சி ஓட்டுநர்,
வெள்ளைக் கையுறை, மடியில் தொப்பி.
அவருக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளிப் பெண்கள்,
படம் தொடங்குமுன்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
மழை வந்தது, குடை வந்தது,
ஃபுகி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து
தொப்பி விழுந்தது ஓட்டுநருக்கு.
குனிந்தார்.
ஒன்றரை நொடி.
நிமிர்ந்தபோது
அவள் கை அவன் சட்டைக்கையில் இருந்தது.

யாரும் எழவில்லை, பெயர்கள் ஓடின.
முப்பத்திரண்டு பேர் அடைந்த ஒரு பத்தியில்
மினெகிஷி என்று நானும் மேலே போனேன்,
படிப்பதற்குள் கூரை வந்துவிட்டது.
'இனி வியாழக்கிழமை ராத்திரிக்கு என்னடி செய்வது'
என்றாள் ஒருத்தி, கோபமாக.

விளக்கு வந்ததும் ஓட்டுநர் தயங்கித் தயங்கி,
'மன்னிக்கணும், அவளாகப் பிடித்தாளா,
அவன் பிடித்தானா?'

'அவள்தான்!' என்றார்கள் இருவரும்.
'எப்படி?'

குட்டையான பெண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
தோழியின் சீருடைக் கையை நோக்கித்
தன் கையை நீட்டினாள்.
மூன்று, நான்கு என்று
எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐந்து. ஆறு.
நின்றது.
ஒரு விரற்கடை தள்ளி, ஆவி பட்டதுபோல்
சும்மா நின்றது அந்தக் கை.
பிறகுதான் பிடித்தாள்.

'ஓஹோ' என்றார் அவர்.
தொப்பியைப் போட்டுக்கொண்டார்.
ஷிஃப்டுக்கு நேரமாகியிருக்க வேண்டும்,
படிகளில் இரண்டிரண்டாக இறங்கிப் போனார்.